ஓடி ஓடி நிற்கும் பாப்கேட்: செலவு யார் தலையில்?

வள்ளூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்காலைகள் என்று திருவள்ளூர் மாவட்டத்தின் இந்தப் பக்கம் முழுக்க, ஜேசிபி நுழைய முடியாத சந்துகளில் வேலை பார்ப்பது பாப்கேட்தான். கன்வேயருக்கு அடியில் கொட்டிய கரியை அள்ளவும், உலைக்குப் பக்கத்தில் கசடை ஒதுக்கவும் அதைத்தான் கூப்பிடுகிறார்கள். எந்தக் கம்பெனியின் ஸ்கிட் ஸ்டியர் லோடராக இருந்தாலும் இங்கே அதற்குப் பெயர் பாப்கேட். பெரும்பாலும் மணிக்கணக்கு வாடகையில் ஓடுகிற வண்டி. ஸ்டார்ட் ஆகி, ஐந்து நிமிடம் ஓடி, தானாக அணைந்துவிட்டால் வாடகையும் அங்கேயே நின்றுவிடும்.

அதற்குப் பிறகு நடப்பது பல யார்டுகளில் ஒரே மாதிரிதான். மெக்கானிக் வந்து டீசல் ஃபில்டரை மாற்றுவார். கோளாறு தீராது. ஃபீட் பம்பை மாற்றுவார். பிறகு நாசில்களைக் கழற்றிச் சென்னைக்கு அனுப்புவார். பழைய பாகங்கள் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். வாரண்டி கேட்டால், “டீசலில் தண்ணீர், எங்கள் பொறுப்பில்லை” என்பார் டீலர். “எங்கள் டீசல் சுத்தம்” என்பார் பங்க்காரர். ஓனர் ஆப்பரேட்டரை முறைப்பார். யார் சொல்வது உண்மை என்று காட்ட எதுவும் மிஞ்சியிருக்காது. எஞ்சினைச் சோதிக்கிற முதல் ஒரு மணி நேரத்தில்தான் சாட்சியத்தையும் சேர்க்க முடியும். அதைக் கோட்டை விட்டுவிட்டு நீதிமன்றப் படி ஏறிப் பயனில்லை.

ஸ்பேனரை எடுக்கும் முன் செல்போனை எடுங்கள். ஹவர் மீட்டர், டிஸ்பிளேயில் வரும் எச்சரிக்கைக் குறியீடு, எஞ்சின் அணையும்போது புகை எப்படி வருகிறது என்பதெல்லாம் வீடியோவில் இருக்கட்டும். எப்போது அணைகிறது என்பதே பாதி விடை. சாவியை விட்டதும் அணைந்தால், டீசலை விடுத்து முதலில் மின்சாரப் பக்கம் பாருங்கள். ஸ்டாப் சோலனாய்டின் பிடித்து வைக்கும் காயில் போயிருந்தால், செல்ஃப் அடிக்கும்வரை எஞ்சின் பேசும், சாவியை விட்டதும் அடங்கிவிடும். ஆயில் பிரஷர், சூடு காட்டும் சென்சார்களும் சில வண்டிகளில் எஞ்சினை நிறுத்திவிடும். லோடு ஏற்றும்போது கரும்புகை கக்கித் திணறினால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். சாம்பலும் கரித்தூசியும் பறக்கிற இடத்தில், புத்தகத்தில் போட்டிருக்கும் மணிக்கணக்கு வரை அது தாங்காது. புகையே இல்லாமல் இழுவை குறைந்து அணைந்தால் டீசல் வந்து சேரவில்லை.

டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். அப்போது அணையாமல் ஓடினால் கோளாறு மூச்சுத் துளை அடைப்பில்தான். காசில்லாத சோதனை என்பதாலோ என்னவோ, பலர் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள். அடுத்தது, டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரைக்குமான ஹோஸ். இந்தப் பகுதியில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அதனால் ஹோஸில் விரிசல் இருந்தாலும் ஓடும்போது வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். பம்புக்கு முன்னால் ஒரு துண்டு தெளிவான பிளாஸ்டிக் டியூபைப் பொருத்தினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். அந்த நேரம் நாசிலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர் வாயை மூடுவார்.

வாட்டர் செப்பரேட்டரின் அடித்திருகைத் திறந்து, வருவதைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அரை மணி நேரம் அசைக்காமல் வைத்தால் தண்ணீர் அடியில் தங்கி, மேலே டீசலுக்கும் அதற்கும் நடுவே கோடு தெரியும். கறுத்த சளி மாதிரி ஏதாவது மிதந்தால் டேங்கில் நுண்ணுயிர் பெருகியிருக்கிறது. இதேபோல் டேங்கிலிருந்தும், டீசல் டிரம்மிலிருந்தும் தனித்தனி மாதிரி எடுத்து, மூடி, தேதியிட்டு, இரண்டு பேர் கையெழுத்துடன் சீல் வையுங்கள். முடிந்தால் டீலரின் ஆளையும் வைத்துக்கொண்டே எடுங்கள்.

டிரம் நிமிர்ந்து வெயிலிலும் மழையிலும் கிடந்தால், மேலே தேங்கும் மழைநீரை ராத்திரிக் குளிரில் மூடி வழியாக அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். பங்க்மேல் பழி போடும் முன் இதையும் பாருங்கள். டீசலை 2,500 லிட்டர் வரை, எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால், உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் இடம் தருகிறது. பங்க்கில் ஹைட்ரோமீட்டரும் தெர்மோமீட்டரும் கேட்டு அடர்த்தியைச் சோதிக்க உங்களுக்கு உரிமை உண்டு. 15 டிகிரி செல்சியஸுக்கு மாற்றிய அடர்த்தி, லோடு வந்த பில்லில் உள்ளதைவிட கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. அளவில் சந்தேகம் என்றால் முத்திரையிட்ட 5 லிட்டர் கலனில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். ஆனால் பில் இல்லாமல், விலை குறைவு என்று கேனில் வாங்கிய டீசலுக்கு யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

பணத்தைவிட உயிர் பெரிது என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கெட் மேலே இருக்கும்போது எஞ்சின் அணைந்தால், அதன் அடியில் இறங்கி வராதீர்கள். பக்கெட்டைத் தாங்கும் வண்டியின் கைகளை இறக்கும் பைபாஸ் கட்டுப்பாடு கேபினுக்குள்ளேயே எங்கே இருக்கிறது என்று ஆப்பரேட்டருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கைகளைத் தூக்கி வைத்து வேலை பார்க்க வேண்டியிருந்தால் அதற்கென்று உள்ள லாக்கைப் போடாமல் தலையை நீட்டாதீர்கள். காமன் ரெயில் எஞ்சினில் டீசல் 1,000 பாருக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும். கசிவை விரலால் தடவினால் தோலுக்குள் பாய்ந்துவிடும். வெளியே ஊசி குத்திய புள்ளிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. வீட்டுக்குப் போய்த் தூங்கினால் விரல் போகும். உடனே மருத்துவமனைக்குப் போய், “அழுத்தத்தில் டீசல் ஏறிவிட்டது” என்றே சொல்லுங்கள். குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பதும், சீட் பார் சுவிட்சை ஒயர் போட்டு ஏமாற்றுவதும் ஒரு நாள் ஆளைத் தின்னும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட்டிச் சோதிப்பதும் அப்படித்தான்.

இனி வழக்குக்கு வருவோம். நுகர்வோர் ஆணையத்தில் பாப்கேட் உரிமையாளர் நிற்க முடியுமா என்பதற்கு, கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. சொந்தக் கையால் ஓட்டிப் பிழைக்க ஒருவர் வாங்கும் இயந்திரம் ‘வணிக நோக்கம்’ ஆகாது, உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோர்தான். பெரிய அளவில் லாபத்துக்காக நடத்தினால் இல்லை. லட்சுமி எஞ்சினியரிங் அந்த வழக்கில் தோற்றது. 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தக் கோட்டை அழிக்கவில்லை. ஒரே பாப்கேட்டைக் கடனில் வாங்கித் தானே ஓட்டுகிறவருக்கு ஆணையம் உண்டு. பத்து வண்டி வைத்து வாடகைக்கு விடுகிறவர் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி சிவில் அல்லது வணிக நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் மனுவில், ‘சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியது’ என்று எழுதி, கடன் பத்திரம், ஓட்டுநர் உரிமம், லாக் புத்தகம் எல்லாம் இணையுங்கள். கோளாறைச் சோதித்தால்தான் தெரியும் என்றால், மாதிரியைச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. நீங்கள் எடுத்து வைத்த பாட்டில் அங்கேதான் கைகொடுக்கும். கழற்றிய பாகங்களை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வையுங்கள்.

எஞ்சின் போனதற்காக ஆப்பரேட்டர் சம்பளத்தில் கை வைப்பது வழக்கமாகிவிட்டது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, அவருடைய அலட்சியத்தால் நேரடியாக நேர்ந்த நட்டத்துக்கு மட்டுமே பிடிக்கலாம். அதுவும் அவரிடம் விளக்கம் கேட்ட பிறகுதான். டீசலில் தண்ணீர் வந்ததற்கு ஆப்பரேட்டர் எப்படிப் பொறுப்பாவார்? காலையில் செப்பரேட்டரை வடித்ததை அவர் தினமும் லாக் புத்தகத்தில் எழுதி வந்தால், அந்த ஒரு வரியே அவரைக் காப்பாற்றும்.

முதலில் டீலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் பேசியது போதாது. பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அதற்கும் அசையவில்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு போடலாம். டீலரின் தலைமையகம் புனேயில் இருந்தாலும் திருவள்ளூரே போதும். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். கோளாறு தெரிந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்கு மனுக் கட்டணம் 400 ரூபாய், 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய்.