பாட்டின் உரிமையும் நிரலின் உரிமையும்

காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில், இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், ஒரு படப்பிடிப்புக் கூடம் இயங்கிற்று. காரைக்குடியிற் பிறந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் நடத்திய கூடம் அது. 1947-ஆம் ஆண்டு வெளிவந்த ‘நாம் இருவர்’ என்னும் படம் அங்கே உருவாயிற்று. அப்படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன.

பாரதியார் மறைந்தது 1921-இல். அவர் பாடலை எடுத்தாள யாரிடம் இசைவு பெறுதல் வேண்டும்? நாட்டுக்காகப் பாடியவர் பாட்டு நாட்டுக்கே உரியது என்று மக்கள் எண்ணினர். சட்டமோ, ஆசிரியர் மறைந்த பின்னும் ஐம்பது ஆண்டுகள் உரிமை உண்டு என்றது. அவ்வுரிமையும் ஒருவர் கையில் இல்லை. நூலாக அச்சிடும் உரிமை ஓரிடத்தில் இருந்தது. இசைத்தட்டிற் பதியும் உரிமை வேறொருவருக்கு விற்கப்பட்டு, அவரிடமிருந்து மெய்யப்பரை அடைந்தது. 1948-இல் டி. கே. எஸ். சகோதரர்கள் தம் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியார் பாடல் ஒன்றைச் சேர்த்தனர். அதனால் வழக்கு மூண்டது. பாரதியார் படைப்புகளைப் பொதுவுடைமை ஆக்குக என்னும் குரல் வலுத்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராய் இருந்த சென்னை அரசு 1949-இல் உரிமையை ஏற்றது. மெய்யப்பர் தம் பங்கை விலை பெறாமலே அளித்தார்.

இத்தகைய சிக்கல் இன்று கணிப்பொறி உலகிலும் உண்டு. எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் இசைவுடன் வெளிவருவது கட்டற்ற மென்பொருள். ஆயினும் அதன் நிரல் முழுவதையும் ஒருவரே எழுதுவது அரிது. செட்டிநாட்டு மாளிகையில் பர்மாத் தேக்கும் அயல்நாட்டுப் பளிங்கும் சேர்ந்திருப்பதுபோல், அதனுள் பிறர் எழுதிய பகுதிகளும் இடம்பெறும். ஒரு வேறுபாடு உண்டு. விலை கொடுத்து வாங்கிய தேக்கின்மேல் விற்றவருக்கு உரிமை இல்லை. எடுத்துச் சேர்த்த நிரலோ தன் ஆசிரியர் விதித்த நிபந்தனைகளையும் உடன்கொண்டு வரும். உரிமம் எழுதப்படாத நிரல் எல்லார்க்கும் பொது என்று கருதுவார் பலர். அது பிழை. எழுதாது விட்டால் உரிமை முழுவதும் ஆசிரியரிடமே நிற்கும். தெளிவின்றி எழுதப்பட்ட உரிமமும் இடர் விளைப்பதே.

அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980-களில் வெளியிட்ட ஒரு நிரல் இதற்குச் சான்றாகும். ஒரு கணிப்பொறியிலுள்ள நிரல் வேறொரு கணிப்பொறியிலுள்ள நிரலை ஏவிப் பணிகொள்ள அது உதவிற்று. அதனைத் தனியே பிறர்க்கு வழங்கலாகாது, தாம் உருவாக்கும் நிரலின் பகுதியாக மட்டுமே வழங்கலாம் என்னும் பொருள்பட அதன் உரிமம் அமைந்திருந்தது. அந்நிரல் குனூ சி நூலகத்துள் புகுந்தது. லினக்ஸ் கணிப்பொறிகளில் மிகப் பலவற்றுக்கு அந்நூலகமே அடிப்படை. வீட்டின் கடைக்காலிலேயே பிறர் கல் ஒன்று கிடந்த கதை இது! அக்கல்லைப் பெயர்ப்பதா, உடையவரிடம் இசைவு கேட்பதா என்னும் ஆராய்ச்சி பல ஆண்டுகள் நீண்டது. 2009-இல் அந்நிறுவனம் உரிமத்தைத் தளர்த்த முன்வந்தது. 2010-இல் அதனை விலைக்கு வாங்கிய ஆரக்கிள் நிறுவனம் அப்பணியை நிறைவேற்றிற்று. கோப்புகளின் தலைப்பில் இருந்த பழைய வாசகம் நீக்கப்பெற்றுப் புதிய உரிமம் எழுதப்பெற்றது.