குறிப்பு கட்டத்துக்குள் இல்லை

எக்ஸெல் தாளில் ஒரு கட்டத்தின் மூலையில் சின்னச் சிவப்பு முக்கோணம் தெரிந்தால், அங்கே யாரோ ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். பத்துக் கட்டங்கள் என்றால் கையாலேயே எழுதிவிடலாம். இரண்டாயிரம் வரிச் சம்பளப் பட்டியலில், போன மாதத்திலிருந்து மாறிய ஒவ்வொரு தொகைக்கும் பழைய தொகையைக் குறித்து வைக்க வேண்டுமென்றால் நிரல்தான் வழி.

எக்ஸெலோடு வரும் விபிஏ மொழியில் ‘ஆட்கமென்ட்’ என்ற ஒரு கட்டளை போதும். ஆனால் அதே நிரலை மறுபடி ஓட்டினால் 1004 என்று பிழை காட்டி நின்றுவிடும். ஒரு கட்டத்துக்கு ஒரு குறிப்புதான். பழையதை அழித்துவிட்டு எழுதச் சொல்வது எளிய தீர்வு. அந்தப் பழைய குறிப்பு கணக்காளர் கைப்பட எழுதியதாக இருந்தால் அது வினையாகிவிடும்.

பைத்தான் மொழியில் நிரல் எழுதுபவர்கள் ஓபன்பைஎக்ஸ்எல் என்ற நிரல் நூலகத்தை நாடுகிறார்கள். அதில் குறிப்போடு எழுதியவர் பெயரையும் தர வேண்டும். பெட்டியின் அளவைச் சொல்லாவிட்டால் 144க்கு 79 பிக்சல்தான். நீளமான குறிப்பின் பின்பாதி கண்ணில் படாது.

சிக்கலின் வேர் கோப்பின் அமைப்பில் இருக்கிறது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொட்டலம். பிரித்துப் பார்த்தால் கட்டத்தின் எண் ஓரிடத்தில், குறிப்பின் வாசகம் வேறொரு எக்ஸ்எம்எல் கோப்பில், மஞ்சள் பெட்டியின் உருவம் மூன்றாவதாக விஎம்எல் என்ற 1998 காலத்துப் பட வடிவத்தில். ஓபன்பைஎக்ஸ்எல் ஒரு கோப்பைத் திறக்கும்போது வாசகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே இருந்த பெட்டிகளின் அளவும் தடித்த எழுத்தும் போய்விடும்.

மைக்ரோசாஃப்ட் 365 வந்தபின் குழப்பம் இரட்டிப்பானது. பதிலுக்குப் பதில் போடும் உரையாடல் வசதிக்குக் ‘கமென்ட்’ என்று பெயர் வைத்துவிட்டு, பழையதை ‘நோட்’ ஆக்கிவிட்டார்கள். விபிஏவில் மட்டும் பெயர் மாறவில்லை: ‘ஆட்கமென்ட்’ இன்றும் நோட்டைத்தான் எழுதும். உரையாடலுக்கு ‘ஆட்கமென்ட்திரெடட்’ வேண்டும். அப்படிப்பட்ட உரையாடல்கள் உள்ள கோப்பை ஓபன்பைஎக்ஸ்எல்லில் திறந்து சேமித்தால் சங்கிலி அறுந்து வெறும் நோட்டாகிவிடும். ஆகவே மூலக் கோப்பின் மேலேயே சேமிக்காமல் வேறு பெயரில் சேமிப்பதே உத்தமம்.

கூகுள் ஷீட்ஸில் ‘செட்நோட்’ கட்டளை பழைய குறிப்பு இருந்தாலும் முரண்டு பிடிக்காது, பேசாமல் மேலெழுதிவிடும். எக்ஸெலின் 1004 பிழையாவது நம்மை நிறுத்தி எச்சரிக்கிறது.