ஃபிளாய்ட் கிரேமர்

ஃபிளாய்ட் கிரேமர் (அக்டோபர் 27, 1933 - டிசம்பர் 31, 1997) ஓர் அமெரிக்கப் பியானோ கலைஞர் ஆவார். நாஷ்வில் நகரின் ஒலிப்பதிவுக் கூடங்களில் கன்ட்ரி இசைப் பாடகர்கள் பலருக்குப் பின்னணி வாசித்தவர். 'ஸ்லிப் நோட்' எனப்படும் வாசிப்பு முறையைப் பரவலாக்கியவர் இவரே.

வாழ்க்கை

லூசியானா மாநிலத்தில் பிறந்த கிரேமர், ஆர்கன்சா மாநிலத்தின் ஹட்டிக் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். பியானோவைத் தாமாகவே கற்றுக்கொண்டார். பள்ளிப் படிப்பு முடிந்தபின் ஷ்ரீவ்போர்ட் நகரின் 'லூசியானா ஹேரைடு' வானொலி நிகழ்ச்சியில் வாசித்தார். 1955ல் நாஷ்வில் நகருக்குக் குடிபெயர்ந்தார். மறு ஆண்டு சனவரியில் எல்விஸ் பிரெஸ்லியின் 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' அங்கு பதிவானபோது பியானோ வாசித்தவர் இவரே. பேட்சி கிளைன் பாடிய 'கிரேசி' (1961) பாடலிலும் இவரது வாசிப்பைக் கேட்கலாம். எனினும் அக்கால இசைத்தட்டுகளில் பின்னணிக் கலைஞர்களின் பெயர்கள் பெரும்பாலும் அச்சிடப்படவில்லை. பாடலை அறிந்த பலரும் வாசித்தவரை அறியாதிருந்தனர்.

ஸ்லிப் நோட்

கன்ட்ரி இசையில் ஸ்டீல் கிட்டார், ஃபிடில் ஆகியவை ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும். பியானோவில் இது இயலாது. ஒவ்வொரு கட்டைக்கும் உரிய சுரம் நிலையானது. எனவே வாசிப்பவர் முதலில் அடுத்துள்ள கட்டையைத் தவறித் தொட்டதுபோல் ஒரு கணம் தொட்டு, உடனே உரிய கட்டைக்கு நகர்கிறார். காதுக்கு அது ஒரு வழுக்கலாகவே கேட்கிறது.

இம்முறையைக் கிரேமர் உருவாக்கினார் என்று பலரும் எழுதுவது சரியன்று. ஹாங்க் லாக்லின் பாடிய 'பிளீஸ் ஹெல்ப் மீ, ஐம் ஃபாலிங்' (1960) பாடலை எழுதியவர்களுள் ஒருவரான டான் ராபர்ட்சன், அதன் மாதிரிப் பதிவில் இவ்வாறு வாசித்திருந்தார். அதைப் போலவே வாசிக்குமாறு தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் கேட்டுக்கொள்ள, கிரேமர் வாசித்தார். ராபர்ட்சனும் தேர்ந்த பியானோ கலைஞரே. ஆயினும் அம்முறையுடன் நிலைத்தது கிரேமரின் பெயர்.

தனி இசைத்தட்டுகள்

அதே ஆண்டு இம்முறையில் கிரேமர் இயற்றி வாசித்த 'லாஸ்ட் டேட்' பில்போர்டு தரவரிசையில் இரண்டாம் இடம் பெற்றது. முதலிடத்தை அடையவொட்டாமல் தடுத்தது பிரெஸ்லியின் 'ஆர் யூ லோன்சம் டுநைட்?' பாடல். கிரேமர் முன்பு பின்னணி வாசித்த அதே பிரெஸ்லிதான். 1961ல் 'ஆன் த ரீபவுண்ட்' பிரித்தானியாவில் முதலிடம் பிடித்தது. 'லாஸ்ட் டேட்' மெட்டுக்குப் பின்னர் வரிகள் எழுதப்பட்டன. கான்வே டுவிட்டி பாடிய வடிவம் 1972ல் கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பெற்றது.

தனிக்கலைஞராகப் புகழ்பெற்ற பின்னரும் பிறர் பாடல்களுக்கு வாசிப்பதை அவர் கைவிடவில்லை. நுரையீரல் புற்றுநோயால் 64ஆம் அகவையில் மறைந்தார். 2003ல் கன்ட்ரி இசைப் புகழவையிலும், ராக் அண்ட் ரோல் புகழவையில் பக்கவாத்தியக் கலைஞர் பிரிவிலும் சேர்க்கப்பட்டார்.