வண்டிக்குப் பின்னால் ஒரு வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். ஆஸ்திரேலிய தேசத்தார் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக் கொண்டிருக்கிறார்கள்: வீட்டைச் சக்கரத்தின் மேல் ஏற்றிக் காட்டுப் பாதையில் இழுத்துப் பார் என்பதே அது.

அந்தத் தேசத்தின் வடமேற்கில் கிம்பர்லி என்றொரு பிரதேசம் இருக்கிறது. அதன் ஊடே செல்லும் கிப் நதிச் சாலையின் நீளம் சுமார் 660 கிலோமீட்டர். ஏறக்குறைய சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற தூரம். 1960-களில் பண்ணைகளிலிருந்து மாடுகளை ஏற்றிச் செல்வதற்காகப் போட்ட பாதை அது. இன்றும் பெரும் பகுதி மண்ணும் சரளையுந்தான். மழைக் காலத்தில் ஆறுகள் பெருகினால் போக்குவரத்தே நின்று போகும். வழியில் நினைத்த இடத்தில் ஹோட்டலும் கிடையாது, சத்திரமும் கிடையாது. ஆனாலும் வருஷந்தோறும் வறட்சிக் காலம் வந்ததும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் அங்கே புறப்பட்டு விடுகிறார்கள். முன்னால் ஒரு பிக்கப் வண்டி. பின்னால் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய சிறிய டிரெய்லர்.

பிக்கப் வண்டியை அவர்கள் 'யூட்' என்று செல்லமாக அழைக்கிறார்கள். அது பிறந்த கதை ரஸமானது. 1930-களின் தொடக்கத்தில் விக்டோரியா மாகாணத்துக் குடியானவர் ஒருவரின் மனைவி போர்டு கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாராம். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிப் போகவும் ஒரே வண்டி உதவக் கூடாதா என்பது அந்த அம்மாளின் கேள்வி. லூ பாண்ட் என்ற இளம் நிபுணர் அந்தக் கேள்விக்குப் பதிலாக வரைந்து கொடுத்த வண்டி 1934-ல் வெளிவந்தது. ஒரு கிருகிணியின் யோசனையை அலட்சியம் செய்யாததால் ஒரு தேசத்துக்கே உபயோகமான வண்டி கிடைத்தது!

காட்டுப் பாதைக்கான சிறு டிரெய்லருக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜீப் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுப்பதற்காக அமெரிக்காவில் கால் டன் டிரெய்லர்களைச் செய்தார்கள். ஆற்றில் இறங்கினால் அது படகைப் போல் மிதக்கும். அதன் சக்கரமும் ஜீப்பின் சக்கரமும் ஒரே அளவு. ஒன்றைக் கழற்றி மற்றொன்றில் மாட்டலாம். அந்த இரண்டாவது குணம் இன்றைக்கும் டிரெய்லர் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய விஷயமாக இருக்கிறது.

எடைதான் முதல் கேள்வி

கடைக்குப் போனதும் மெத்தையின் மிருதுத் தன்மையையும் விளக்குகளின் பிரகாசத்தையும் கண்டு மயங்க வேண்டாம். டிரெய்லரின் சட்டத்தில் ஒரு சிறிய தகடு பதித்திருக்கும். முதலில் அதைப் படிக்க வேண்டும்.

அதில் 'டேர்' என்பது வெறும் டிரெய்லரின் எடை. 'ஏ. டி. எம்.' என்பது சாமான்களோடு அது மொத்தம் எவ்வளவு கனக்கலாம் என்பதற்கு எல்லை. ஏ. டி. எம். என்றதும் பணம் கொடுக்கும் யந்திரம் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. இது கவனியாதவர்களிடமிருந்து பணத்தை வாங்கிக் கொள்ளும்!

டேர் 900 கிலோ, ஏ. டி. எம். 1400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நமக்கு மிச்சம் 500 கிலோ. 120 லிட்டர் தண்ணீர் 120 கிலோ. ஒன்பது கிலோ வாயு பிடிக்கும் உருளைகள் இரண்டு, நிறைந்த நிலையில் சுமார் 35 கிலோ. பிறகு குளிர்பெட்டி, பாட்டரி, உபரிச் சக்கரம், பந்தல் துணி, பாத்திரம் பண்டம், படுக்கை என்று ஒவ்வொன்றாக ஏறும்போது அந்த 500 கிலோ எப்படிக் கரைந்தது என்றே தெரியாது. பிற்பாடு பொருத்தும் உபகரணங்கள் தகட்டிலுள்ள டேர் கணக்கில் சேராமலும் இருக்கும். ஆகையால் மூட்டை முடிச்சுகளை ஏற்றிய பின்பு ஒரு தடவை எடை மேடையில் நிறுத்திப் பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம்.

ஆஸ்திரேலியச் சட்டப்படி, அச்சின் மேல் விழும் பாரம் 750 கிலோவுக்கு மேற்பட்டால் டிரெய்லருக்குச் சொந்தமாகப் பிரேக் இருக்க வேண்டும். 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் இருக்க வேண்டும். மண் சாலையில் பள்ளத்தில் இறங்கும்போது, பின்னாலிருந்து ஒரு டன் எடை தள்ளுவதை நினைத்துப் பார்த்தால், சட்டம் கேட்காத சிறு டிரெய்லருக்கும் பிரேக் வைப்பது நல்லதென்று தோன்றும்.

முன்பாரமும் பின்பாரமும்

நம் ஊர் வண்டிக்காரனுக்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்தில் நுகம் அழுந்தும். பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு குரல்வளையை இறுக்கும். நெல் மூட்டைகளை அடுக்கும்போதே இரண்டுக்கும் நடுவான நிலையை அவன் பார்த்துக்கொள்வான்.

டிரெய்லருக்கும் அதே நியாயந்தான். பிக்கப்பின் வாலிலுள்ள இணைப்பின் மேல், டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு அமர வேண்டும் என்பது பொது விதி. அது மிகவும் குறைந்து பின்பாரம் கூடினால், வேகமாகப் போகும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் முன்னால் போகும் பிக்கப்பையும் சேர்த்துப் புரட்டிவிடும். உயிர்ச் சேதத்தில் முடியும் விபத்து இது. அச்சமயம் சக்கரத்தைத் திருப்பிச் சமாளிக்க முயல்வதும், வேகத்தைக் கூட்டுவதும் ஆபத்தானவை. வேகம் கூட்டும் மிதியிலிருந்து மெள்ளக் காலை எடுக்க வேண்டும். டிரெய்லரின் பிரேக்கை மாத்திரம் கையால் இயக்கும் வசதி இருந்தால் அதை உபயோகிக்க வேண்டும். அதைவிடச் சிறந்தது கனமான சாமான்களை அச்சுக்கு அருகே தாழ்வாக வைத்து, அந்த ஆட்டமே வராமல் தடுப்பது. தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அது அச்சுக்கு முன்னால் இருந்தால், தண்ணீர் செலவாகச் செலவாக முன்பாரமும் குறைந்து கொண்டே வரும்.

சரி, முன்பாரத்தை நிறையக் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததா? இல்லை. அந்தப் பாரத்தைச் சுமப்பது பிக்கப் அல்லவா? அதன் சுமைக் கணக்கில் அதுவும் சேர்ந்துவிடுகிறது. பிக்கப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் தூரம். இணைப்பு பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று கொள்வோம். இணைப்பின் மேல் 140 கிலோ அமர்ந்தால், பின் அச்சு சுமப்பது 140 அல்ல, 196 கிலோ. ஏற்றமரம் போல முன்புறம் 56 கிலோ லேசாகிவிடுகிறது. திசை திருப்பும் சக்கரங்களோ அங்கேதான் இருக்கின்றன! '3500 கிலோ இழுக்கும்' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி, பிக்கப்பின் தட்டிலும் அளவுக்கு மீறி அடுக்கியவர்களின் வண்டிச் சட்டம், குண்டும் குழியுமான பாதையில் முதுகு ஒடிந்து போவதுண்டு. வண்டி இழுக்கும் சக்தி வேறு. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்ற எல்லை வேறு. இரண்டையும் பார்க்க வேண்டும்.

பாதை செய்யும் சோதனை

கடற்கரை மணலில் காற்று வரைந்த அலைகளைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்ற குறுக்கு அலைகள் மண் சாலைகளில் மைல் கணக்காக நீண்டு கிடக்கின்றன. இவை எப்படி உண்டாகின்றன? கீத் மாதர் என்னும் பௌதிக விஞ்ஞானி, மணலில் ஒரு சக்கரத்தை வட்டமாக ஓடவிட்டுச் சோதித்து, 1963-ல் விளக்கம் எழுதினார். சக்கரம் மிக மெதுவாக உருண்டால் மணல் சமமாகவே இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், சிறு மேடு கண்ட இடத்தில் சக்கரம் துள்ளி விழுந்து மணலைக் குழித்து, அலையை உண்டாக்குகிறது. ஆக, வண்டிகளே போட்டுக்கொண்ட தண்டனைதான் இது.

இந்த அதிர்ச்சியை நாள் முழுதும் தாங்க வேண்டியவை ஸ்பிரிங்குகளும் அதிர்வு தாங்கிகளும். பட்டை ஸ்பிரிங் எளியது, விலை குறைவு, ஒடிந்தால் சிற்றூர்ப் பட்டறையிலும் வழி பிறக்கும். சக்கரத்துக்குச் சக்கரம் தனியே இயங்கும் சுருள் ஸ்பிரிங் அமைப்போ டிரெய்லரை அவ்வளவாகக் குலுக்காது. அதற்குத் தக்க விலை கொடுக்க வேண்டும். எதுவானாலும், டயரின் காற்றைச் சிறிது குறைத்து, வேகத்தையும் குறைத்துப் போக வேண்டும். அதிர்வு தாங்கிகள் கொதித்துப் போகாமலிருக்க இடையிடையே நிறுத்தவும் வேண்டும்.

சாதாரண உருண்டை இணைப்பு தார் ரோட்டுக்குப் போதும். ஒரு சக்கரம் பள்ளத்திலும் ஒன்று பாறையிலும் ஏறும் பாதைக்கு, மேலும் கீழும், இடமும் வலமும், முறுக்கிக்கொண்டும் திரும்பக்கூடிய விசேஷ இணைப்பு அவசியம். பாதுகாப்புச் சங்கிலியை மறக்கலாகாது. டிரெய்லரின் சக்கரங்கள் பிக்கப்பின் சக்கரங்களோடு அளவிலும் போல்ட் துளைகளிலும் ஒத்திருந்தால், நடுக்காட்டில் ஒன்றுக்கொன்று துணை.

இரவு தங்கும் விஷயம்

துணிக் கூடாரம் விரியும் டிரெய்லர் லேசானது. தாழ்வாக இருப்பதால் காற்றையும் மரக்கிளையையும் அதிகம் எதிர்க்காது. ஆனால் தினமும் விரிக்கவும் மடிக்கவும் வேண்டும். நீர்த்துளி வடிவமான சிறு பெட்டி டிரெய்லரில் கதவைத் திறந்தால் படுக்கை தயார். இரண்டு பேருக்கு மேல் இடம் இராது. கூரை உயரும் கட்டி வீடு சௌகரியமானது. கனமும் விலையும் கூட.

கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். விற்பனையாளரைக் கை கட்டி நிற்கச் சொல்லி, தம்பதிகள் இருவருமாகக் கூடாரத்தை விரித்து மறுபடி மடிக்க வேண்டும். மழையில், இருட்டில், பசியோடு அழும் குழந்தையை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா என்று யோசிக்க வேண்டும். சமையல் செய்கிறவர் அடுப்புத் தட்டை இழுத்துப் பார்த்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கும், உயரம் தமக்குச் சரியா என்று முடிவு சொல்லட்டும். கதவு விளிம்புகளில் ரப்பர் ஒழுங்காகப் பதிகிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அரிசி மூட்டை வரையில் செம்மண் நுழைந்துவிடும். புதிய கித்தான் துணியைப் புறப்படுமுன் நனைத்துக் காயவைத்தால் நூல் உப்பித் தையல் துளைகள் அடைபடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் உடனே பணத்தைக் கட்டிவிட அவசியமில்லை. அதே ரகத்தை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு போய்வரலாம். திரும்பியதும், எடுத்துப் போய் ஒரு தடவைகூடத் தொடாத சாமான்களைத் தனியே குவித்து நிறுத்துப் பாருங்கள். அந்த எடையைக் கழித்தால், முதலில் ஆசைப்பட்டதைவிடச் சிறிய டிரெய்லரே போதும் என்று அனேகக் குடும்பங்களுக்கு அப்போது விளங்கிவிடும்.