யார் ஹீலர்?

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் பாதாளக் கோட்டைக்குள் ஐந்து பேர் சேர்ந்து போவார்கள். ஒருவர் ‘டேங்க்’. அரக்கனின் அடியெல்லாம் தன்மேல் விழட்டும் என்று முன்னால் நிற்பவர். ஒருவர் ‘ஹீலர்’. அடிபட்டவர்களின் உயிர் குறையக் குறைய மந்திரத்தால் ஏற்றிக்கொண்டே இருப்பவர். மற்ற மூவரும் அடிப்பவர்கள், ‘டிபிஎஸ்’ என்பார்கள்.

மூன்று இடம் இருந்தும் கூட்டம் அங்கேதான் முட்டிமோதும். வாளை வீசினால் அரக்கன் சரிவது கண்ணுக்குத் தெரிகிறது. நான் எப்போதும் ஹீலராகவே ஆடுகிறவன். எனக்கு அரக்கனின் முகமே சரியாக நினைவில் இருக்காது. திரையின் ஓரத்தில் ஐந்து உயிர்ப்பட்டைகள் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நொடி பிசகினால் கூட்டாளி செத்துவிடுவார். ஒழுங்காகச் செய்தாலோ ஒன்றுமே நடக்காது. யாரும் சாகவில்லை என்பதை யார் கவனிக்கப்போகிறார்கள்?

2009இல் முன்பின் தெரியாத ஐந்து பேரைத் தானாகவே சேர்த்துவிடும் வசதி இந்த விளையாட்டில் வந்தது. டிபிஎஸ் வரிசை நீண்டுகொண்டே போனது. 2011இல் நிறுவனம் ஒரு வழி கண்டுபிடித்தது: எந்தப் பாத்திரத்துக்கு ஆள் தட்டுப்பாடோ, அதை ஏற்று வருபவருக்குக் கூடுதலாக ஒரு பரிசுப் பை. ரசனை சார்ந்த விஷயம் என்று நாம் நினைக்கும் பாத்திரத் தேர்வுக்குக் கூலி நிர்ணயிக்க வேண்டியதாயிற்று.

இதன் கணக்கை 1985இலேயே போட்டு வைத்தவர் ஜெர்மன் சமூகவியலாளர் ஆந்திரேயாஸ் டீக்மான். ‘தன்னார்வலர் இக்கட்டு’ என்று பெயர். யாராவது ஒருவர் சிரமப்பட்டால் போதும், பலன் எல்லோருக்கும் உண்டு. ஒருவரும் முன்வராவிட்டால் எல்லோருக்கும் நஷ்டம். பூனைக்கு மணி கட்டும் பழைய கதைதான். ஆனால் கணக்காகப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

சிரமத்தின் மதிப்பு பலனில் பாதி என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஒரே மாதிரி தங்கள் லாபத்தை மட்டும் எண்ணிப் பார்க்கிறவர்கள், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவும் முடியாது. இருவர் மட்டும் இருந்தால், ஒவ்வொருவரும் முன்வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. இருவருமே ஒதுங்கிவிட 25 சதவீதம். ஐந்து பேரானால் ஒவ்வொருவரும் முன்வரும் வாய்ப்பு ஏறக்குறைய 16 சதவீதமாகச் சரிகிறது. ஒருவருமே வராமல் போகும் வாய்ப்பு 42 சதவீதமாக ஏறுகிறது. ஆள் கூடக் கூட, ‘வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்ற எண்ணமும் கூடி, மொத்தக் குழுவையும் கவிழ்க்கிறது. அவர்களில் யாரும் கெட்டவரில்லை என்பதுதான் இதில் என்னை உறுத்துவது.

பரிசுப் பை இந்தக் கணக்கில் சிரமத்தின் எடையைக் குறைக்கிறது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லோருக்கும் சிரமம் ஒரே அளவு என்ற இடத்தில் இந்தக் கணக்கு இடறுகிறது. ஹீலர் வேலையைச் சுமையாகவே நினைக்காதவர்கள் இருக்கிறார்கள்.

2005 செப்டம்பரில் அதே விளையாட்டில் நடந்தது இது. ஹக்கார் என்ற அரக்கன் ஏவும் தொற்றுநோய் அவன் கோட்டைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். வீரர்களின் வளர்ப்பு விலங்குகளோடு அது நகரங்களுக்குள் வந்துவிட்டது. அனுபவம் குறைந்த பாத்திரங்கள் கொத்துக்கொத்தாக மடிந்தன. பலர் நகரத்தை விட்டு ஓடினார்கள். ஹீலர்கள் சிலரோ நோயாளிகளைத் தேடி வந்து வைத்தியம் பார்த்தார்கள். பரிசுப் பை வர இன்னும் ஆறு ஆண்டு இருந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தை அறிய இது உதவும் என்று லோஃப்கிரன், ஃபெஃபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் ‘லான்செட்’ குழுமத்தின் தொற்றுநோய் இதழில் எழுதினார்கள். தங்களுக்கும் தொற்றும் என்று தெரிந்தே உதவ வந்த அந்த ஹீலர்களும் அக்கட்டுரையில் இருக்கிறார்கள்.