ஒலி வந்த வழி – 11: பத்து விநாடிப் பெட்டி

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில், 1973 ஆகஸ்டில் டிஜே கூல் ஹெர்க் தொடங்கிவைத்த விருந்துகளோடு சென்ற வாரக் கதை நின்றது. இரண்டு டர்ன்டேபிள்கள், இரண்டிலும் ஒரே இசைத்தட்டு. பாட்டின் நடுவே டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் சில விநாடிகளை மாற்றி மாற்றி ஓட்டி, ஆடுகிறவர்களுக்கு நீட்டிக் கொடுக்கும் வித்தை அது. கை ஓய்ந்தால் தாளமும் ஓய்ந்துவிடும். அந்தக் கைவேலையை ஒரு பெட்டி எப்படி ஏற்றுக்கொண்டது, பிறகு அந்தப் பெட்டியின் வேலையைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டபோது என்ன மாறியது என்பது இந்த வாரம்.

பெட்டியின் பெயர் எஸ்பி-1200. கலிஃபோர்னியாவின் ஈ-மு நிறுவனம் 1987இல் வெளியிட்டது. வடிவமைப்பில் முக்கியமானவர் டேவ் ராஸம். ஏதாவது ஓர் ஒலியை உள்ளே பதிந்துகொண்டு, முன்பக்கத்தில் இருக்கும் எட்டுப் பொத்தான்களில் ஒன்றைத் தட்டினால் அந்த ஒலியைத் திருப்பிக் கொடுக்கும். சாம்ப்ளர் என்பது அவ்வளவுதான். ஆனால் அதன் மொத்த நினைவகம் சுமார் 10 விநாடி. தனியொரு ஒலிக்கு அதிகபட்சம் இரண்டரை விநாடி. நம் சினிமாப் பாட்டு ஒன்றின் பல்லவியில் முதல் வரி முடிவதற்குள் இந்த இரண்டரை விநாடி தீர்ந்துபோகும்.

அந்த 10 விநாடிக்குள் டிரம்ஸின் கிக், ஸ்னேர், ஹைஹேட், பிறகு பேஸ், எங்கோ ஒரு பழைய ஜாஸ் தட்டிலிருந்து எடுத்த சாக்ஸபோன் துண்டு எல்லாம் அடங்க வேண்டும். நியூயார்க் பையன்கள் கண்டுபிடித்த வழி எளியது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய எல்பி இசைத்தட்டை 45இல் ஓடவிட்டார்கள். பாட்டு கீச்சுக் குரலில் வேகமாக ஓடும். அப்படியே பெட்டிக்குள் பதிந்துகொண்டு, உள்ளே போனபின் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 45க்கும் 33⅓க்கும் உள்ள விகிதம் 1.35. அதாவது 10 விநாடிப் பெட்டியில் பதின்மூன்றரை விநாடி இசை. சின்னப் பெட்டியில் சேலையை இறுக்கி மடித்து அடைக்கிற கணக்குதான்.

மடித்த சேலையை விரித்தால் சுருக்கம் தெரியும். இங்கும் தெரிந்தது.

எஸ்பி-1200 ஒலியை 12 பிட்டில், விநாடிக்குச் சுமார் 26,040 முறை அளந்து வைக்கிறது. ஒரு குறுந்தகடு 16 பிட்டில், 44,100 முறை அளக்கிறது. 12 பிட் என்றால் ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு 4,096 படிகள். 16 பிட் என்றால் 65,536 படிகள். இவ்வளவு அகலமான படிகளில் ஏறி இறங்கும் ஒலியில் ஒரு சொரசொரப்பு ஏறிவிடும். அளவெடுக்கும் வேகம் குறைவு என்பதால் 13,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள நுண்ணிய மினுமினுப்பு முழுக்கப் போய்விடும். போதாததற்கு, சுருதியை இறக்கும்போது பெட்டி புதிதாக எதையும் கணக்கிடுவதில்லை. இருக்கும் அளவுகளையே திரும்பத் திரும்பச் சொல்லி இடைவெளியை நிரப்புகிறது. அதனால் மூலத்தில் இல்லாத, மெல்லிய உலோக இரைச்சல் ஒன்று ஒலியோடு சேர்ந்துகொள்ளும். இன்று ரசிகர்கள் அந்தக் காலத்து ஹிப்ஹாப்பின் ‘வெதுவெதுப்பு’ என்று எதைக் கொண்டாடுகிறார்களோ, அதில் பெரும்பங்கு நினைவக சில்லுகளின் அன்றைய விலையிலிருந்து வந்தது.

ஒலியின் தரம் கதையில் ஒரு பாதிதான். ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸிங் என்ற வேலை எங்கே நடந்தது என்பதில்தான் இந்தப் பெட்டியின் முழுக் குணமும் இருக்கிறது.

எஸ்பி-1200இன் பின்பக்கத்தில் எட்டு ஒலிவழிகள் இருந்தன. எட்டும் ஒரே மாதிரி அல்ல. முதல் இரண்டில் அனலாக் ஃபில்டர் ஒன்று உண்டு. ஒலி எழும்போது திறந்து, அடங்கும்போது மூடிக்கொள்ளும். மூன்று முதல் ஆறு வரை, மாறாத ஃபில்டர். ஏழிலும் எட்டிலும் ஃபில்டரே கிடையாது. ஆகவே எந்த ஒலியை எந்த வழியில் அனுப்புவது என்று முடிவு செய்வதே மிக்ஸிங்கின் முதல் படி. பேஸை ஒன்றிலோ இரண்டிலோ வைத்தால் மேலோசை கரைந்து இருட்டாக உருளும். ஹைஹேட்டை ஏழிலோ எட்டிலோ வைத்தால் முள் மாதிரி குத்தும். அதே ஹைஹேட்டைத் தவறி ஒன்றாம் வழியில் வைத்தால் போர்வைக்குள்ளிருந்து கேட்கும்.

ஒரே வழியில் இரண்டு ஒலிகளை வைத்தால் பின்னால் வருவது முன்னதை வெட்டிவிடும். இதைக் குறை என்று ஒதுக்காமல் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். கிக்கையும் பேஸையும் ஒரே வழியில் போட்டால், கிக் விழும் ஒவ்வொரு முறையும் பேஸ் வாயை மூடிக்கொள்ளும். இரண்டு தாழ்ந்த ஒலிகள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கும் தொல்லை, ஒரு குமிழைக்கூடத் திருகாமலே தீர்ந்தது. இன்றைய கம்ப்யூட்டரில் இதே பலனுக்கு சைட்செயின் கம்ப்ரஷன் என்று ஒரு தனி ஏற்பாடு செய்ய வேண்டும்.

பீட் தயாரானதும் பெட்டியை ஸ்டுடியோவுக்குத் தூக்கிப்போய், ஒவ்வொரு வழியையும் 24 டிராக் டேப்பில் தனித்தனியே ஏற்றி, அங்கே பொறியாளர் கடைசி அளவைச் சரிபார்ப்பார். ஸ்டுடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை. அதனால் முக்கால்வாசி முடிவுகள் வீட்டிலேயே, பெட்டிக்குள்ளேயே எடுக்கப்பட்டிருந்தன. 1988இல் பப்ளிக் எனிமி குழுவின் இரண்டாவது ஆல்பத்தில் சுவர் சுவராக வந்து மோதும் இரைச்சலின் பின்னணியில் எஸ்பி-1200 உண்டு. 1992இல் பீட் ராக், மறைந்த நண்பருக்கு அஞ்சலியாக சி. எல். ஸ்மூத்துடன் உருவாக்கிய பாடலில், டாம் ஸ்காட்டின் 1967 இசைத்தட்டிலிருந்து எடுத்த சாக்ஸபோனும் இந்தப் பெட்டி வழியாகத்தான் வந்தது. அந்த சாக்ஸபோனை மூல இசைத்தட்டில் கேட்டுவிட்டு இங்கே கேட்பவருக்கு, சிறிய பெட்டி ஒலிக்கு என்ன செய்கிறது என்று தனியே விளக்கத் தேவையில்லை.

எஸ்பி-1200 வந்த அடுத்த ஆண்டே, 1988இல், ஜப்பானின் அக்காய் நிறுவனம் எம்பிசி-60ஐக் கொண்டுவந்தது. வடிவமைத்தவர் அமெரிக்கரான ரோஜர் லின். 1980இல் எல்எம்-1 என்ற டிரம் இயந்திரத்தைச் செய்தவர். சொந்த நிறுவனம் 1986இல் மூடப்பட்ட பின் அக்காயோடு சேர்ந்தார். எம்பிசியின் முகத்தில் நாலுக்கு நாலாகப் பதினாறு ரப்பர் பேடுகள். மெல்லத் தொட்டால் மெல்ல, ஓங்கித் தட்டினால் ஓங்கி ஒலிக்கும்.

இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசும் யாரும் ‘எம்பிசி ஸ்விங்’ என்ற சொல்லை விடமாட்டார்கள், ஏதோ மந்திரம்போல. அதைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது கணக்கு. தாளத்தின் ஓர் அடியை எம்பிசி 96 டிக்குகளாகப் பிரிக்கிறது. அரை அடிக்கு 48. அந்த 48இல் இரண்டு தட்டுகள் விழ வேண்டும் என்றால், நேர்நடையில் 24க்கு ஒன்று. இதுதான் 50 சதவீதம். 54 சதவீதம் என்று வைத்தால் முதல் தட்டு 26 டிக் நீள்கிறது, இரண்டாவது 22 டிக்காகக் குறுகுகிறது. அதாவது இரண்டாவது தட்டு இரண்டே டிக் தாமதமாக விழுகிறது. நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் அது ஒரு விநாடியின் ஆயிரத்தில் 14 பங்கு. 58, 62 என்று ஏறி 66க்கு வரும்போது பங்கு 32க்கு 16, இரண்டுக்கு ஒன்று. நம் லய வாத்தியக்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: ‘தகதிமி’ என்று நேராகப் போய்க்கொண்டிருந்த சதுஸ்ரம், ‘தகிட’வின் நடு எழுத்தை விழுங்கிய திஸ்ரமாகிவிட்டது. 54, 58, 62 எல்லாம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட, பெயர் வைக்கப்படாத நிலம். இரண்டாவது தட்டைத் தள்ளிப்போடுவதைத் தவிர இதில் ரகசியம் எதுவும் இல்லை என்று லின்னே சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெயரில்லாத நிலத்தில் வீடு கட்டியவர் டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் யான்சி. உலகத்துக்கு ஜே டில்லா. 1974இல் பிறந்து, 2006 பிப்ரவரியில் 32 வயது முடிந்த மூன்றாம் நாள் இறந்துபோனார். அவருடைய கருவி, அதே எம்பிசி வரிசையின் எம்பிசி-3000. ஸ்னேர் ஓர் இம்மி முந்தி வரும், கிக் பிந்தித் தடுமாறும், ஹைஹேட் மட்டும் நேராகப் போகும். தள்ளாடி விழப்போகிறது என்று நினைக்கும்போது பீட் நிமிர்ந்து நிற்கும். குவாண்டைஸ் என்ற தானியங்கித் திருத்தத்தை அவர் அணைத்துவிட்டு வெறும் விரலால் தட்டினார் என்பதுதான் நெடுநாள் சொல்லப்பட்டுவந்த கதை. 2022இல் டில்லாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய டேன் சார்னாஸ் அதை மறுக்கிறார். பெட்டியிலேயே தட்டுகளை டிக் டிக்காக முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இருந்தது. அதை டில்லா தெரிந்து, திட்டமிட்டுப் பயன்படுத்தினார். நேர்நடையும் சாய்ந்த நடையும் ஒரே நேரத்தில் மோதும்படி அமைத்தார் என்பது சார்னாஸின் வாதம். கடிகாரம்போலத் துல்லியமாக வாசிக்கப் பழகியிருந்த டிரம்மர் க்வெஸ்ட்லவ், டில்லாவின் பீட்களைக் கேட்டபின் தன் வாசிப்பையே குலைத்து மறுபடி கற்றுக்கொண்டார்.

விரலின் தற்செயல் என்று பலர் நம்பியது, காதுள்ள ஒருவர் எண்களோடு பொறுமையாகச் செய்த வேலை. டில்லாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

அப்படியானால் அதே எண்களைக் கம்ப்யூட்டரில் போட்டால் போதாதா? போதும். பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் 1990களின் கடைசியில் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற மென்பொருளை வெளியிட்டபோது பல ஸ்டுடியோக்காரர்கள் அதை விளையாட்டுப் பொருளாகத்தான் பார்த்தார்கள். வட கரோலினாவின் நைன்த் வொண்டர் அதை வைத்துக்கொண்டே லிட்டில் பிரதர் குழுவின் முதல் ஆல்பத்தை 2003இல் செய்தார். அதே ஆண்டு ராப்பர் ஜே-ஸீயின் ‘பிளாக் ஆல்ப’த்தில் அவருடைய பீட் ஒன்று இடம்பிடித்தது. எம்பிசி-60 வெளிவந்தபோது சுமார் 5,000 டாலர். அதோடு ஒப்பிட்டால், வீட்டுக் கம்ப்யூட்டரும் சின்ன மென்பொருளும் எத்தனை பேருக்குக் கதவைத் திறந்தன என்பதை யாரும் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனாலும் உட்கார்ந்து வேலை செய்யும்போது ஒரு வித்தியாசம் நிச்சயம் தெரிகிறது. எஸ்பி-1200இன் திரை இரண்டே வரி எழுத்து காட்டும். ஒரு துண்டை எங்கே வெட்டுவது என்பதைக் காதால் மட்டுமே தீர்மானிக்க முடியும். கம்ப்யூட்டர் திரையிலோ ஒலியின் அலை மலைத்தொடர்போல விரிந்து கிடக்கிறது. கண், கோட்டுக்குச் சற்று வெளியே நிற்கும் ஸ்னேரைப் பார்த்துவிடுகிறது. கை அதை இழுத்துக் கோட்டில் வைத்துவிடுகிறது. வைப்பதற்கு முன் அது நன்றாகத்தானே ஒலித்தது என்று காது சொல்ல வாய்ப்பே கிடைப்பதில்லை. மிக்ஸிங்கிலும் அப்படித்தான். எட்டு வழிகளுக்குப் பதில் எண்ணற்ற டிராக்குகள். ஒவ்வொன்றிலும் எத்தனை ஃபில்டர் வேண்டுமானாலும். எதையும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். பெட்டிக்காரர் முதல் நிமிடத்திலேயே எடுத்தாக வேண்டிய முடிவை, கம்ப்யூட்டர்க்காரர் ஆறு மாதம் கழித்தும் எடுக்காமலிருக்கலாம். வசதி என்ற பெயரில் கம்ப்யூட்டர் பறித்துக்கொண்டது ஒன்று உண்டென்றால் அது இந்த நெருக்குதல்தான்.

கலிஃபோர்னியாவின் டிஜே ஷேடோ 1996இல் வெளியிட்ட ‘என்ட்ரொடியூசிங்’ அந்த நெருக்குதலில் விளைந்தது. ஒரு எம்பிசி-60, ஒரு டர்ன்டேபிள், ஒரு டேப் இயந்திரம். சாக்ரமென்டோ இசைத்தட்டுக் கடையின் நிலவறையில் தோண்டித் தோண்டி எடுத்த பழைய தட்டுகள். முழுக்க சாம்பிள்களாலேயே ஆன முதல் ஆல்பம் என்று கின்னஸ் அதைப் பதிந்தது.

ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பாடகி ஆனதும் ஒரு பெட்டியால்தான். முறையாக இசை படிக்காத அவருக்கு லண்டனில் ரோலண்ட் எம்சி-505 கிடைத்தது. சாம்ப்ளர் அல்ல, டிரம்ஸும் பேஸும் உள்ளேயே கொண்ட தாளப்பெட்டி. ‘கலாங்’ பாட்டின் முதல் வடிவம் அதில் பிறந்தது. பின்னர் தயாரிப்பாளர்கள் ஸ்டுடியோவில் மெருகேற்றினார்கள். 2007இல் ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ அவர் பாட்டுக்குள் சாம்பிளாகப் புகுந்தது வேறொரு வாரத்துக்கான கதை.

பெட்டி, கம்ப்யூட்டர் என்ற இரண்டு கரையையும் ஒரே ஆள் தொட்டதற்குத் தயாரிப்பாளர் மேட்லிப் உதாரணம். 2004இல் வந்த ‘மேட்வில்லனி’ ஆல்பத்தின் பல பீட்களை அவர் பிரேசிலின் சாவோ பாலோ நகரில், ஓட்டல் அறையில் செய்தார்: கையடக்க டர்ன்டேபிள், பாஸ் எஸ்பி-303 சாம்ப்ளர், ஒரு கேசட் டெக். 2019இல் ராப்பர் ஃப்ரெடி கிப்ஸுடன் செய்த ‘பண்டானா’வின் பீட்களை ஐபேடில் செய்ததாக அவரே சொன்னார். கேட்டவர்களில் பலருக்கு நம்பவே கஷ்டமாக இருந்தது. அழுக்கும் சொரசொரப்பும் அப்படியே இருந்தன. இருபது ஆண்டு பெட்டியில் பழகிய காது, திரை கிடைத்ததும் பழக்கத்தை விட்டுவிடவில்லை.

இன்றைய மென்பொருள்களில் 12 பிட் சொரசொரப்பை வரவழைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. பழைய எஸ்பி-1200கள் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகின்றன. 2021இல் டேவ் ராஸம் தன் புதிய நிறுவனத்தின் பெயரில் அந்தப் பெட்டியை மறுபடி செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒலிகளைச் சேமிக்கும் ஃப்ளாப்பி போய் மெமரி கார்டு வந்தது. நகக்கண் அளவுச் சில்லில் ஆயிரக்கணக்கான பாட்டுகளை அடைக்கக்கூடிய காலத்தில், 12 பிட்டையும் 26,040ஐயும் அவர் தொடவில்லை. பதிவு நேரத்தை மட்டும் கூட்டினார்: 10 விநாடியிலிருந்து 20 விநாடிக்கு.

(தொடரும்)