ஆகுர்டியில் தூறல், லோனாவளாவில் அடைமழை

ஆகுர்டியிலிருந்து பழைய சாலை வழியே மும்பைக்குக் கூட்டாகச் சைக்கிளில் கிளம்புகிறவர்கள் ஜூலை மாதத்தில் ஏமாறுவது ஓரிடத்தில்தான். புறப்படும்போது வெறும் தூறல். நாற்பத்தைந்து கிலோமீட்டர் மிதித்து லோனாவளாவை எட்டினால் பேய்மழை! புனேயில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 700 மில்லிமீட்டர். லோனாவளாவிலோ அது 4,000-ஐத் தாண்டிவிடும். அரபிக்கடல் மேகங்கள் சஹ்யாத்ரி மலையில் மோதி அங்கேயே கொட்டித் தீர்க்கின்றன. மிச்சம் மீதிதான் ஆகுர்டிக்கு.

நனைந்த சட்டை காய்ந்துவிடும். ஆபத்து கண்டாலாவுக்கு அப்பால், கோபோலி வரை இறங்கும் போர்காட் மலைப்பாதையில் இருக்கிறது. இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் ஓடும். முன்னால் போகிறவர் சட்டென்று நிறுத்தினால் பின்னால் வருகிறவர் அவர் மேலேயே விழ வேண்டியதுதான். லாரிகள் வேறு.

அனுபவசாலிகள் இறக்கத்துக்கு முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொள்வார்கள். ஆளுக்கு ஆள் நிறைய இடைவெளி விடுவார்கள். பிரேக் சரியில்லாதவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார், மற்றவர்கள் காத்திருப்பார்கள். மறுநாள் காலை ஷிப்டு என்ற அவசரமெல்லாம் அங்கே உதவாது. மழை வலுத்தால் லோனாவளாவிலேயே திரும்பிவிடுவதில் அவமானம் ஒன்றுமில்லை.

கோபோலியில் டீ குடிக்கும்போதே செயினைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிடுவது நல்லது. விட்டால் காலைக்குள் துரு ஏறிவிடும்.